ஏற்காடு: சமதரை தேடும் கால்கள்

மாலை ஐந்து மணிக்கு மேல் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நிற்க இடம் கிடைப்பதே அபூர்வம். கீழே சேலம் நகரம் தீப்பெட்டிகளைக் கொட்டிவைத்தது போலக் கிடக்கும். மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்கி மரங்களுக்குள் மறையும். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர்கூடத் தெரியும் என்பார்கள். மே மாதக் கூட்டத்தில் அதைப் பார்க்க அதிர்ஷ்டம் மட்டும் போதாது, கொஞ்சம் முழங்கைப் பலமும் வேண்டும்.

செல்ஃபி எடுத்து முடித்தவர்கள் ஒரு நிமிடம் அந்தச் சமவெளியைப் பார்க்கலாம். சேலத்துக்கு மேற்கே, தாரமங்கலம், எடப்பாடி பக்கத்தில் சின்னப்பம்பட்டி இருக்கிறது. கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜனின் ஊர். இந்த மலையின் மேற்குச் சரிவைத் தாண்டி, தருமபுரி போகும் சாலையில் தீவட்டிப்பட்டி பக்கம் பெரியவடகம்பட்டி. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். ஒரே மாவட்டம். இருவர் வீட்டிலும் வசதி கிடையாது. இருவரையும் பதின்மூன்று வயதில் நிறுத்திவைத்து ஒரு தேர்வு நடத்தியிருந்தால், ‘அடுத்தவர் வரலாம்’ என்று சொல்லி அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

சேர்வராயன் மலையைச் சுற்றிவரும் இரண்டு நாள் பயணத்தில் இந்த ஒரு விஷயத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். விளையாடுகிற ஒரு பிள்ளையைப் பார்த்து, அவன் எங்கே நிற்கிறான், எவ்வளவு வளர்ந்திருக்கிறான், இன்னும் எவ்வளவு வளர்வான் என்று எப்படிச் சொல்வது? மகனோ மகளோ மட்டையோடு திரிகிற எல்லா வீட்டிலும் இருக்கிற கேள்விதான்.

இருபது வளைவு, ஒரு மைதானம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருப்பதால் பின் சீட்டுக் குழந்தைகள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் காது அடைக்கும். ஜன்னலைத் திறந்தால் காற்று மாறியிருக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்.

மேலே போனதும் எல்லோரும் பார்ப்பது ஏரி. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பேர் வந்தது. படகு, பஜ்ஜி, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் எல்லாம் அங்கே உண்டு. விளையாட்டுப் பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் ஏரியை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மலையில் தட்டையான நிலம் எங்கெங்கே இருக்கிறது?

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்த காலத்திலிருந்து நல்ல மண் எல்லாம் தோட்டமாகிவிட்டது. சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. எல்லாமே சரிவு. சமமாக இருப்பது காபி காயப்போடும் களம், பேருந்து நிற்கும் இடம், கோயில் வாசல், பள்ளி மைதானம். இதில் பெரிய மைதானங்கள் பழைய உறைவிடப் பள்ளிகளின் வேலிக்குள் இருக்கின்றன. திரு இருதய கான்வென்ட் 1894-ல் வந்தது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல். நடிகர் விக்ரம் மான்ட்ஃபோர்ட்டில்தான் படித்தார். கராத்தே, குதிரையேற்றம், நீச்சல் எல்லாம் அங்கே கற்றதாகச் சொல்லியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தை வெட்டிச் சமன் செய்து வைத்தவர்களின் புத்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேலிக்கு வெளியே நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் என்று மலைக்கிராமங்கள் பரவிக் கிடக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். இந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கு ஏறியும் இறங்கியும்தான் போகிறார்கள். வழுக்கும் மண்ணில் வேகமாக இறங்கி, வேர் தட்டாமல் காலைத் தூக்கி, திருப்பத்தில் உடம்பைச் சாய்த்து நிற்கிற பழக்கம் நடக்கத் தொடங்கும்போதே வந்துவிடுகிறது. கால், கணுக்கால், இடுப்பு மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன. நகரத்துப் பயிற்சி மையங்களில் கூம்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிற வித்தை அது.

ஆனால், தேர்வு என்று வரும்போது அளக்கப்படுவது வேறு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 6, 7, 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு உலகத் திறனாய்வு உடற்திறன் தேர்வு நடத்திவந்திருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் போன்றவை அதில் உண்டு. நல்ல திட்டம்தான். விளையாட்டு விடுதிக்குப் போக இப்படி ஒரு வாசல் இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு வேறு வாசலே கிடையாது. சங்கடம் என்னவென்றால், நேரான நூறு மீட்டரை வாழ்நாளில் ஓடிப் பார்த்திராத ஒரு பிள்ளை, சேலம் காந்தி மைதானத்துத் தடத்தில் முதல் தடவை நிற்கும்போது அவன் கால் என்ன செய்யும்? மூன்று நாள் பழகினால் ஓடிவிடுவான். அந்த மூன்று நாள் யாரும் கொடுப்பதில்லை.

ஜனவரியில் பிறந்தவன், டிசம்பரில் பிறந்தவன்

இந்த இடத்தில் ஏற்காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கனடா. அங்கே ஐஸ் ஹாக்கி என்பது நமக்குக் கிரிக்கெட் மாதிரி. எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள்: இவன் முதல் அணி, இவன் சாதாரண அணி.

1980-களில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் குடும்பத்தோடு ஓர் இளையோர் ஆட்டம் பார்க்கப் போனார். அவருடைய மனைவி பாலா, ஆட்டம் பற்றிய அச்சிட்ட தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் காட்டினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் மற்ற அணிகளையும் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் அதே கதை. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் நிறைய, கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கொஞ்சம். 1985-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

காரணம் ஜாதகம் அல்ல. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது ஒரு கை உயரம், சில கிலோ எடை. பெரியவன் வேகமாகச் சறுக்குகிறான், பலமாக அடிக்கிறான். பார்ப்பவர் ‘இவனுக்குத் திறமை இருக்கிறது’ என்கிறார். முதல் அணிக்குப் போனவனுக்கு நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஆட்டங்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அவனுக்கு உண்மையிலேயே திறமை வந்திருக்கிறது. டிசம்பர்ப் பையன் அதற்குள் மட்டையைப் பரணில் போட்டிருப்பான்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.ஹெச்.எல்-க்கு இளைஞர்களைத் தேர்வு செய்யும் முறையை ராபர்ட் டீனர் குழுவினர் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். தேர்வான கனடா வீரர்களில் 36 சதவீதம் பேர் ஆண்டின் முதல் காலாண்டில் பிறந்தவர்கள். கடைசிக் காலாண்டில் பிறந்தவர்கள் 14.5 சதவீதம்தான். ஆனால் பின்னால் ஆட்டத்தில் சாதித்ததைக் கணக்குப் பார்த்தால், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த இடத்தை மீறி நன்றாக ஆடியிருந்தார்கள். அதாவது, தேர்வாளர்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். தொழிலே அதுவாக இருப்பவர்கள், கையில் கணினியும் காணொளியும் வைத்துக்கொண்டு செய்த பிழை.

நம் ஊரில் பிறந்த மாதத்தை வைத்து இப்படி ஆராயப் போனால் முந்தைய தலைமுறைக்குக் கணக்கே உதைக்கும். தாத்தா, அப்பா பலருக்கும் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்தநாள்தான். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த தேதி. இன்றைக்கு அப்படி இல்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வயதுக் கணக்கு கறாராக இருக்கிறது. கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோரை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தே பார்க்கிறது. அது வயதை ஏமாற்றுபவர்களைப் பிடிக்க. வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கு நியாயம் செய்ய அப்படி எந்த எக்ஸ்ரேயும் எடுப்பதில்லை.

மாதம் மட்டுமா? உடம்பு வளர்வதிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடிகாரம். பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதையொட்டியும் பையன்கள் 14 வயதையொட்டியும் மளமளவென்று உயர்வார்கள். சிலருக்கு இரண்டு வருடம் முன்னதாக வரும், சிலருக்கு இரண்டு வருடம் தள்ளி வரும். எட்டாம் வகுப்பு வரிசையில் மீசை முளைத்தவனும் குழந்தை முகத்தோடு இருப்பவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இதனால்தான். இன்னொன்று, அந்த வளர்ச்சி வேகத்தின்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளையே திடீரென்று தடுமாறும். கால் நீண்டுவிட்டது, மூளைக்கு இன்னும் அந்த நீளம் பழகவில்லை. ‘போன வருஷம் நல்லா ஆடினான், இப்ப கவனம் போயிடுச்சு’ என்று திட்டு வாங்குவது பெரும்பாலும் இந்த ஆறு மாதத்தில்தான்.

பந்து இல்லாத நேரம்

சரி, ஒரு முன்கள வீரனை எப்படித்தான் பார்ப்பது? ஐஸ் ஹாக்கியில் முன்களத்தில் மூன்று பேர். நடுவில் ஒருவர், இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர். கோல் போடுவது அவர்கள் வேலை என்பதால் அப்பா அம்மா எல்லோரும் கோலைத்தான் எண்ணுவார்கள். ஆனால் அறுபது நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் மட்டையில் அந்த ரப்பர் வட்டு இருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒன்றிரண்டு நிமிடம் தேறினால் அதிகம். மீதி நேரம் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வட்டு தன்னிடம் வரும் முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிறானா? காலியான இடத்துக்கு ஓடுகிறானா, வட்டின் பின்னாலேயே எல்லோரோடும் கும்பலாகப் போகிறானா? பறிகொடுத்ததும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறானா, திரும்பி ஓடிவந்து மீட்கப் பார்க்கிறானா? சறுக்கும் வேகத்தையும் அடியின் பலத்தையும் பயிற்சியில் ஏற்றிவிடலாம். இந்த மூன்றும் சின்ன வயதிலேயே கண்ணில் படும். பார்க்கத் தெரிந்தவர் இருந்தால்.

மார்ட்டின் செயின்ட் லூயி என்று கனடாவில் ஒரு முன்கள வீரர். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அந்த ஆட்டத்தில் அது குள்ளம். இளைஞர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2004-ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் ஸ்டான்லி கோப்பையும் ஒரே வருடத்தில் வாங்கினார்.

நம் புல்தரை ஹாக்கியிலும் இதே பார்வைதான். கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மண் தரையில் ஆடிப் பழகினார்கள். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாத தரை. அதனாலேயே மட்டையில் பந்து ஒட்டி நிற்கிற கைப்பழக்கம் வந்தது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அங்கே உள்ள அரசு விளையாட்டு மையத்தில் வளர்ந்த முன்கள வீரர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம், எதிரில் பாகிஸ்தான். தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் கோல். அடுத்த வருடம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அரியலூரிலிருந்து கோவில்பட்டிக்கு ஒரு பையனை அனுப்பலாம் என்று எங்கோ, யாரோ, எப்போதோ முடிவெடுத்திருக்கிறார்கள். ஏற்காட்டு மலைக்கிராமத்திலிருந்து அந்த முடிவு எடுக்கப்பட ஒரு உடற்கல்வி ஆசிரியர் அங்கே சில வருடமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கத் துடிக்கிற இடமாக மலை இருக்கிறவரை இது கஷ்டம்தான்.

குப்பனூர் வழியாக இறங்கினால்

ஏறிய சாலையிலேயே இறங்க வேண்டும் என்பதில்லை. கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இன்னொரு மலைச்சாலை உண்டு. கூட்டம் குறைவு. காபித் தோட்டங்கள் வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணம் பக்கம் வந்துவிடலாம். அங்கிருந்து ஆத்தூர் சாலையில் கிழக்கே போனால் வாழப்பாடி. ஊருக்கு வெளியே தென்னந்தோப்பும் மரவள்ளிக்கிழங்குக் காடுமாக இருந்த பகுதியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் பச்சைப் பசேலென்று விரிந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் வந்து கலந்துகொண்ட விழாவில் திறந்தார்கள். இப்போது டி.என்.பி.எல் ஆட்டங்கள் நடக்கின்றன. பின்னால் மலை வரிசை. டிவியில் பார்ப்பவர்கள் ‘இது எந்த ஊருப்பா’ என்று கேட்கிற அழகு.

நடராஜன் சிறுவனாக இருந்தபோது இதெல்லாம் இல்லை. தறித் தொழிலாளியின் மகன். அம்மா சாலையோரம் கடை போட்டிருந்தார். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்துதான். தையல் போட்ட கிரிக்கெட் பந்தில் முறையாக ஆட வந்ததே அதற்குப் பிறகு. அவருடைய ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்ற மூத்தவர் அந்த டென்னிஸ் பந்து யார்க்கரில் எதையோ பார்த்துச் சென்னைக்கு அழைத்துப் போனார். நடராஜனின் ஜெர்ஸியில் ‘ஜே.பி. நட்டு’ என்று இருந்தது அவருக்காகத்தான்.

கதை அங்கேயும் நேராகப் போகவில்லை. 2015-ல் ரஞ்சிக் கோப்பைக்கு வந்த கையோடு பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்தது. கை மடங்குகிறது என்றார்கள். முறையை மாற்றி எழுதக் கிட்டத்தட்ட ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் அவரை மதிப்பிட்டிருந்தால் பூஜ்யம்தான். 2016-ல் டி.என்.பி.எல். அதிலும் சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். 2017-ல் பத்து லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை மூன்று கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் முதல் ஆட்டம் ஆடினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். அவர் அங்கே போனதே வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்கு.

ஊருக்குத் திரும்பியதும் சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் கட்டினார். 2023-ல் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். இன்றைக்கு அந்தப் பக்கத்துப் பையனுக்குத் தையல் பந்து இருபது வயதுக்கு முன்பே கைக்கு வருகிறது.

மலைக்கு மேற்கே

வாழப்பாடியிலிருந்து சேலம் திரும்பி, ஓமலூர் தாண்டி தருமபுரி சாலையில் போனால் வலது பக்கம் முழுக்கச் சேர்வராயன் மலைதான். ஏற்காட்டிலிருந்து பார்க்கிறபோது பசுமையாக இருக்கும் மலை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வறண்ட பாறை முதுகு. மழை அளவும் அப்படித்தான். இங்கேதான் பெரியவடகம்பட்டி.

மாரியப்பனுக்கு ஐந்து வயதிருக்கும்போது பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து வலது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிய கால் அதற்குமேல் வளரவில்லை. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். பள்ளியில் அவனுக்குப் பிடித்தது வாலிபால். அங்கேதான் உடற்கல்வி ஆசிரியர் கவனித்தார். வலையருகே ஒற்றைக் காலில் எழும்பிய உயரத்தை. உயரம் தாண்டிப் பார் என்றார். பதினான்கு வயதில் இரண்டு காலும் நன்றாக உள்ள பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தான். 2013-ல் தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா பார்த்தார். 2015-ல் பெங்களூருக்கு அழைத்துப் போனார். 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரீஸில் 1.85, வெண்கலம்.

மூன்று பாராலிம்பிக், எட்டு வருடம், நான்கு சென்டிமீட்டருக்குள் மூன்று பதக்கம். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது இறக்கம். உயரத்தைப் பார்க்கிறவருக்கு, ஒரு மனிதன் இருபத்தொன்றிலிருந்து இருபத்தொன்பது வயது வரை ஒரே இடத்தில் அசையாமல் நின்றது தெரியும்.

அந்த உடற்கல்வி ஆசிரியர் என்ன கருவி வைத்திருந்தார்? ஒரு மைதானம், ஒரு விசில், தினமும் பார்க்கிற கண். வாலிபாலில் இவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த எழும்புதல் தப்பிப்போயிருக்கும்.

பெற்றோரும் இதைச் செய்யலாம், செலவில்லாமல். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுவரில் பென்சில் கோடு போட்டு உயரம் எழுதி வையுங்கள். கோடு திடீரென்று எகிறினால் அடுத்த சில மாதம் ஆட்டம் சரியில்லை என்று திட்டாதீர்கள், முழங்கால் வலி என்றால் ஓய்வு கொடுங்கள். போன வருடம் செய்ய முடியாத எதை இந்த வருடம் செய்கிறான் என்று ஒரு வரி. பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி அந்த நோட்டில் எதுவும் வேண்டாம். பெண் பிள்ளைக்கு நோட்டு இன்னும் முக்கியம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவள் ஏழாம் வகுப்பில் திடீரென்று மைதானத்துக்கு வரவில்லை என்றால், காரணம் காலில் இல்லை. கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்ற இடம் இருக்கிறதா, இருட்டும் முன் வீட்டுக்குப் போக வண்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மலையில் இந்தக் கடைசிக் கேள்விதான் பல ஆட்டங்களை முடித்துவைக்கிறது.

ஏற்காட்டில் மாலை நாலரை மணிக்குப் பள்ளி விடும் நேரத்தில் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். சுற்றுலாக்காரர்களின் வேன்களுக்கு நடுவே கிராமத்துப் பேருந்துகள் புறப்படத் தயாராக இருக்கும். புத்தகப் பையோடு பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஒருவன் கையில் மட்டை இருந்தால் அதை எஞ்சின் பெட்டிமேல் வைத்துக்கொள்ள டிரைவர் விடுவார். பயிற்சி ஐந்தரைக்கு முடியும் என்றாலும் பேருந்து அதுவரை நிற்காது. கடைசியாக ஓடிவருகிறவன் ஏரிக்கரை வளைவிலிருந்து மேட்டில் ஏறி, இரண்டு காருக்கு நடுவே உடம்பைச் சாய்த்துத் திரும்பி, நகரத் தொடங்கிய பேருந்தின் படியைப் பிடித்துவிடுவான். கண்டக்டர் இரண்டு திட்டு திட்டிவிட்டு விசில் கொடுப்பார்.